சிந்துவுக்கு ராஜா கொடுத்த ராகங்கள்

இளையராஜாவின் படங்களில் எதன் பாட்டுகள் உச்சம் என்று நாலு பேர் கூடிய இடத்தில் கேட்டால் நாலு பதில் வரும். 'ஜானி' என்பார் ஒருவர், 'முதல் மரியாதை' என்பார் இன்னொருவர், 'தளபதி'யை விட்டுக்கொடுக்கவே மாட்டார் மூன்றாமவர். என் பதில் வெகு காலமாக மாறாமல் இருக்கிறது: 'சிந்து பைரவி'. 1985 தீபாவளிக்கு வந்த படம். கே. பாலசந்தர் இயக்கம், வைரமுத்துவின் பாடல்கள், யேசுதாஸும் சித்ராவும் பாடியவை.

ஏன் இந்தப் படம் என்று விளக்கமாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதைவிட இனிமையான மெட்டுகளை ராஜா போட்டிருக்கிறார், அதை நானே ஒப்புக்கொள்வேன். ஆனால் இந்தப் படத்தின் நடுவில் ஒரு வழக்கு நடக்கிறது. கச்சேரி மேடையில் யாருடைய பாட்டு ஒலிக்கலாம், எந்த மொழியில் ஒலிக்கலாம் என்ற வழக்கு. வசனத்தால் அதைத் தீர்க்க முடியாது. எழுபது எண்பது வருடமாக மேடையிலும் பத்திரிகையிலும் பேசிப் பார்த்தும் தீராதது அது. படத்தில் அதை ஒரு பாட்டு தீர்த்துவைக்கிறது. அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர். எனக்கு இந்த ஆல்பத்தின் மீதுள்ள பிடிப்பு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜே.கே.பி. பெரிய கர்நாடக வித்வான், சிவகுமார் நடித்தது. மனைவி பைரவிக்கு, அதாவது சுலக்‌ஷணாவுக்கு, சங்கீதம் ஒட்டவே இல்லை. அவருடைய மிருதங்கக்காரர் டெல்லி கணேஷ், தம்புராக்காரர் ஜனகராஜ். இவர்களுக்கு நடுவே சிந்து வருகிறாள். சுஹாசினி. சங்கீதம் அறிந்தவள், கேள்வி கேட்பவள். ஜே.கே.பி.க்கும் அவளுக்கும் இடையே பிறக்கும் உறவு, அதனால் மூன்று பேரும் படும் பாடு, இதுதான் படம்.

தொடக்கத்திலேயே ஒரு காட்சி உண்டு. மிருதங்கக்காரர் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வருகிறார். ஜே.கே.பி. அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு மிருதங்கமே இல்லாமல் பாடுகிறார். நாட்டை ராகத்தில் தீட்சிதரின் 'மகாகணபதிம்' வருகிற தொடக்கப் பகுதி அது. இந்த மனிதருடைய கர்வம், ஒழுக்கம், சங்கீதத்தின் மேல் வைத்திருக்கும் பயபக்தி மூன்றையும் ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறார்கள். பின்னால் இதே மனிதர் குடிக்காக வாய்க்கு வந்ததைப் பாடும் நிலைக்கு இறங்கப்போகிறார். அந்த வீழ்ச்சியின் ஆழம் நமக்கு உறைக்க வேண்டுமானால் உயரம் முதலில் சரியாக நிற்க வேண்டும். ராஜா அந்த உயரத்தில் கை வைக்கவே இல்லை. சினிமாவுக்காக வயலின் கூட்டத்தைக் கொண்டுவந்து கீர்த்தனையை அலங்கரிக்கவில்லை. கச்சேரி கச்சேரியாகவே இருக்கிறது. யேசுதாஸ் செம்பை வைத்தியநாத பாகவதரிடம் பாடம் கேட்டவர், மேடைக் கச்சேரி அவருக்குச் சொந்த வீடு. அந்தக் குரலுக்கு சிவகுமார் வாயசைத்திருக்கும் விதம் இன்றும் ஆச்சரியம்தான். சுரம் பாடும் இடங்களில்கூட உதடும் கழுத்தும் பிசகுவதில்லை.

நான் வளர்ந்தது சின்ன ஊர். சபா என்ற ஒன்று அங்கே கிடையாது. கோயில் திருவிழா என்றால் நாதஸ்வரம், தவில். ராத்திரியானால் கரகாட்டம். நடவு வயலில் பாட்டு, சாவு வீட்டில் ஒப்பாரி. கர்நாடக சங்கீதம் என்பது காலையில் ரேடியோவில் கேட்டுவிட்டு, செய்தி வந்ததும் மறந்துவிடுகிற விஷயம். அதைப் பாடுகிறவர்கள் வேறு யாரோ, கேட்கிறவர்களும் வேறு யாரோ என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். 'சிந்து பைரவி' கேசட் வந்த பிறகு அப்பா கடையை மூடிவிட்டு வந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அதைப் போடச் சொல்வார். கல்யாணி, கானடா என்ற பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் பாட்டு முடியும்வரை தட்டில் கை வைக்க மாட்டார்.

இப்போது அந்தக் காட்சிக்கு வருகிறேன்.

ஜே.கே.பி. தெலுங்குக் கீர்த்தனை பாடிக்கொண்டிருக்கிறார். சபையிலிருந்து சிந்து எழுந்து, தமிழில் பாடக் கூடாதா, இங்கே இருப்பவர்களுக்குப் புரிகிற பாட்டாகப் பாடக் கூடாதா என்று கேட்கிறாள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. முடிந்தால் நீ வந்து பாடு என்கிறார். அவள் மேடையேறுகிறாள்.

சிந்துவின் கேள்வி 1985-இல் புதிதாகப் பிறந்ததில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது 1943-இல். கல்கி அந்த இயக்கத்துக்காக எழுதித் தள்ளினார். அதற்கும் முன்னால், 1917-இல், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் நூலைப் போட்டு, சிலப்பதிகாரக் காலத்துப் பண்களிலிருந்து இன்றைய ராகங்கள் வரை ஒரு தொடர்ச்சியைக் காட்ட உழைத்தார். எதிர்த்தரப்பிலும் நேர்மையான பதில்கள் இருந்தன. தியாகராஜர் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்தவர், காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த தெலுங்கு அவருடையது; அதை அந்நியம் என்று எப்படி ஒதுக்குவது? நாதத்துக்கு மொழி எதற்கு? இரண்டு பக்கமும் மேடை போட்டுப் பேசிக்கொண்டே இருந்தது. நடவுப் பாட்டுப் பாடியவளை மட்டும் யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

படத்தில் அவள்தான் வருகிறாள். சிந்து பாடத் தொடங்குவது பாபநாசம் சிவன் பாட்டும் இல்லை, தேவாரமும் இல்லை. தமிழ்க் கீர்த்தனை ஒன்றைப் பாடியிருந்தால் வாதம் மொழியோடு முடிந்திருக்கும். 'பாடறியேன்' என்று அவள் எடுப்பது, பள்ளிக்கூடப் பக்கமே போகாத ஒரு கிராமத்துப் பெண் பாடுகிற தோரணையில் ஒரு நாட்டுப் பாட்டு. எதையும் கற்றதில்லை, ஏட்டைப் பார்த்ததில்லை என்கிற பெண்ணின் பாட்டு. சபை நெளிகிறது. ஜே.கே.பி.யின் முகத்தில் இளக்காரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாத்தியங்கள் அவளோடு சேர்ந்துகொள்கின்றன. சுரங்கள் வருகின்றன. எங்கே எப்படித் திரும்பினாள் என்று நாம் யோசிப்பதற்குள் அவள் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'யில் இருக்கிறாள்.

மொழி மாறிவிட்டது. ராகம் மாறவில்லை. நாட்டுப் பாட்டாக இவ்வளவு நேரம் கேட்டதும் சாரமதிதான், இப்போது கேட்கும் கீர்த்தனையும் சாரமதிதான். வயலும் சபாவும் ஒரே ஏழு சுரத்தில்தான் இருக்கின்றன என்று மைக் பிடித்துப் பேசினால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். இங்கே யாரும் சொல்லவில்லை, நம் காதே கண்டுபிடிக்கிறது.

இங்கேதான் எங்கள் தெருவில் இருந்த பாட்டு டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் சங்கீதம் முறையாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் ராகங்களின் பெயர்களை நான் கற்றேன். இந்தப் பாட்டைப் பற்றி ஒருநாள் கேட்டேன்.

"மரி மரி நின்னே காம்போதியில இருக்கிற கீர்த்தனைப்பா. காலங்காலமா அப்படித்தான் பாடிட்டு வர்றோம். அதைக் கொண்டுபோய் சாரமதியில போட்டா நான் எப்படிக் கேக்கறது?"

"கேக்க நல்லாத்தானே டீச்சர் இருக்கு?"

"நல்லா இருக்கு. அதனாலதான் மனசு கஷ்டப்படுது. நாளைக்கு சின்னப் பிள்ளைங்க இதுதான் அசல்னு நினைச்சுக்குமே."

அவருடைய வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்றும் எடுத்துக்கொள்வதில்லை. கீர்த்தனை என்பது குரு வாயால் சொல்லிச் சீடன் காதால் வாங்கிக் காப்பாற்றி வந்த சொத்து. அதில் கை வைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். ராஜாவிடம் காரணம் இருந்தது என்பதுதான் என் கட்சி. காம்போதியிலேயே கீர்த்தனையை விட்டு, நாட்டுப் பாட்டை வேறு ராகத்தில் போட்டிருந்தால் இரண்டும் ஒட்டாமல் நிற்கும், சிந்து தோற்றுப்போவாள். சரி, நாட்டுப் பாட்டையும் காம்போதியிலேயே போட்டிருக்கலாமே? போட்டிருக்கலாம். ஆனால் காம்போதி பெரிய ராகம், எல்லோருக்கும் முகம் தெரிந்த ராகம். அவள் வாயைத் திறந்த முதல் அடியிலேயே சபையில் இருக்கும் ரசிகர்கள் "ஓ, காம்போதி" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். பிறகு எங்கே இளக்காரம், எங்கே திருப்பம்?

சாரமதி அப்படி இல்லை. தியாகராஜரின் 'மோக்ஷமு கலதா' என்ற ஒரு கீர்த்தனையால்தான் பெரும்பாலும் அதை அறிவார்கள். நடபைரவியின் ஜன்யம். ஏறும்போது ஏழு சுரமும் உண்டு. இறங்கும்போது பஞ்சமமும் ரிஷபமும் கிடையாது. அந்தத் தாவல் இருக்கிறதே, தைவதத்திலிருந்து மத்தியமம், காந்தாரத்திலிருந்து நேரே ஷட்ஜம், அதில் ஒரு ஏக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கிராமத்துப் பாட்டின் சோகத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ராகம் என்று சொல்லாமல் சபைக்குள் நுழைய முடிகிற ராகம் அது. அதைத் தேடி எடுத்ததில்தான் மேதைமை.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த ராகத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு இரண்டு பக்கமும் சொந்த அனுபவம். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போய்க் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக சங்கீதம் கற்றவர். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது சினிமாவுக்குள் கிராமத்து மெட்டு புகுந்துவிட்டது என்று ஊரே கொண்டாடியது. அதே வாயால், இதெல்லாம் சங்கீதமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். சிந்து மேடையேறி அந்தப் பெண்ணின் குரலில் பாடும்போது, வசனம் பாலசந்தருடையது, வரி வைரமுத்துவுடையது, சாட்சி சொல்வது ராஜா. எனக்கு அப்படித்தான் கேட்கிறது. அந்தச் சாட்சியில் பழிவாங்கும் தொனி ஒரு துளிகூட இல்லை என்பதுதான் என்னை அசைப்பது. கச்சேரி மேடையைக் கேலி செய்திருக்கலாம், அதற்கான இடம் திரைக்கதையிலேயே இருந்தது. அவரோ தியாகராஜரிடம் கொண்டுபோய் அந்தக் கிராமத்துப் பெண்ணைச் சேர்க்கிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்கிறார்.

பாடியவரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். சித்ராவுக்கு அப்போது 22 வயது. திருவனந்தபுரத்துப் பெண், தமிழுக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அதே 1985-இல் 'பூவே பூச்சூடவா'வில் பாடிய பாட்டால் 'சின்னக்குயில்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. எம்.ஏ. தேர்வு நேரத்தில் இந்தப் பாட்டின் பதிவு வந்து, தேர்வைத் தவறவிட்டுப் பாடியதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தப் பாட்டுக்குத்தான் அவருக்கு முதல் தேசிய விருது கிடைத்தது. அதற்குப் பிறகு இன்னும் ஐந்து வாங்கினார். இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. தமிழில் பாடினால் என்ன என்று வழக்கு நடக்கும் படத்தில், அந்த வழக்கின் இரண்டு தரப்புக்கும் குரல் கொடுத்தவர்கள் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். யேசுதாஸ் கொச்சி, சித்ரா திருவனந்தபுரம். சித்ரா அந்த முதல் அடிகளில் எழுத்துகளைக் கொஞ்சம் தளர்த்தி, ஊர்ப் பேச்சின் இழுவையோடு பாடுகிறார். கீர்த்தனைக்கு வந்ததும் நாக்கு இறுகிவிடுகிறது, சொற்கள் பாடாந்தரச் சுத்தத்தோடு விழுகின்றன. பெரிய நடிகையால் மட்டும் செய்ய முடிகிற காரியம் அது, குரலிலேயே செய்துவிட்டார்.

அடுத்து 'கலைவாணியே'. ராகம் கல்யாணி. இந்தப் பாட்டைப் பற்றி இசை தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிற விஷயம் ஒன்றுதான்: பாட்டு முழுக்க ஆரோகணத்திலேயே போகிறது. கல்யாணியின் சுரங்கள் ஏறுவரிசையில் மட்டுமே வரும், எங்கேயும் இறங்குவரிசையில் வராது. ஒரு அடி மேலே போய் முடிந்ததும் குரல் கீழேயிருந்து புதிதாகத் தொடங்கி மறுபடியும் ஏறுகிறது. ஏறுவதற்கு மட்டும் படி வைத்துக் கட்டிய மாடி மாதிரி.

இதை ஒரு வித்தை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வித்தைக்காகச் செய்திருந்தால் பாட்டு திக்கித் திக்கி நடக்கும். கேட்கும்போது அப்படி ஒரு நெருடலும் தெரிவதில்லை. யாராவது சொன்ன பிறகுதான் தெரிகிறது. ராகத்தில் இறக்கம் என்பது ஆறுதல். மேலே போன குரல் திரும்பி வந்து ஷட்ஜத்தில் அமரும்போதுதான் மனசு அடங்கும். அந்த ஆறுதலை இந்தப் பாட்டு நமக்குத் தருவதே இல்லை. கலைமகளைக் கூப்பிடுவதாகவும் கேட்கலாம், சிந்துவைக் கூப்பிடுவதாகவும் கேட்கலாம். வைரமுத்து இரண்டுக்கும் இடம் விட்டு எழுதியிருக்கிறார். கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், பதில் வரவில்லை. பதில் வராதவனின் பாட்டில் அவரோகணம் எப்படி வரும்? கட்டுப்பாடு கதைக்குள்ளிருந்து பிறந்திருக்கிறது. யேசுதாஸ் ஒவ்வொரு முறையும் உச்சியைத் தொட்டுவிட்டு மூச்சு வாங்கிக் கீழே தொடங்கும் இடங்களை ஹெட்போனில் ஒரு தடவை கேளுங்கள்.

பாலசந்தருக்கு இது முதல் இசைப் படம் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால், 1975-இல், 'அபூர்வ ராகங்கள்' எடுத்தார். அதற்கு எம்.எஸ். விஸ்வநாதன் இசை. பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய, நாலே சுரம் கொண்ட மகதி ராகத்தில் அதில் ஒரு பாட்டு உண்டு, அதையும் யேசுதாஸ்தான் பாடினார். அற்புதமான பாட்டு, எம்.எஸ்.வி.யை எவ்வளவு வணங்கினாலும் தகும். ஆனால் அந்தப் படத்தில் ராகம் கதைக்குக் கிடைத்த அழகான உவமை. 'சிந்து பைரவி'யில் ராகத்தை எடுத்துவிட்டால் கதையே நகராது.

பிறகு வீழ்ச்சி. சிந்து விலகிப்போன பிறகு ஜே.கே.பி. குடியில் விழுகிறார். 'பூமாலை வாங்கி வந்தான்' கானடாவில் வருகிறது. கானடா கம்பீரமும் கண்ணீரும் சேர்ந்த ராகம். அதன் காந்தாரம் அசைந்து அசைந்து வரும், நிற்காது. தியாகராஜரின் 'சுகி எவ்வரோ', சுவாதித் திருநாளின் 'மாமவ சதா' எல்லாம் இதில்தான். தள்ளாடுகிற மனிதனுக்கு ராஜா இந்த ராகத்தைக் கொடுத்திருக்கிறார். கால் தள்ளாடுகிறது, ஞானம் தள்ளாடவில்லை. அந்த ஆடும் காந்தாரத்தை யேசுதாஸ் பிடிக்கும் இடத்தில் குடிகாரனும் வித்வானும் ஒரே சுரத்தில் இருக்கிறார்கள். அப்பா தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்த பாட்டு இதுதான். அவருடைய சித்தப்பா ஒருவர் நன்றாகத் தவில் வாசித்தவராம், குடியால் போய்ச் சேர்ந்தாராம். இதை அப்பா சொன்னதில்லை, அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

'தண்ணித்தொட்டி' பாட்டைப் பற்றி நீளமாக எழுத எனக்கு விருப்பமில்லை. படத்துக்கு அது தேவை, நன்றாகவும் செய்திருக்கிறார்கள். தனியாகப் போட்டுக் கேட்க என்னால் முடிவதில்லை. மகாகணபதிம் பாடிய அதே வாய் அல்லவா!

'மனதில் உறுதி வேண்டும்' பாரதியுடையது. தமிழில் பாட மாட்டேன் என்று நின்ற வித்வான் கடைசியில் பாரதியிடம்தானே வந்தாக வேண்டும். பாரதியே தன் பாட்டுகள் பலவற்றுக்கு ராகமும் தாளமும் குறித்து வைத்தவர், பாடுவதற்காகவே எழுதியவர். பாலசந்தர் பிற்பாடு, 1987-இல், இந்த வரியையே ஒரு படத்துக்குத் தலைப்பாக வைத்தார்.

இனி எனக்கு இந்த ஆல்பத்திலேயே மிக நெருக்கமான பாட்டு: 'நானொரு சிந்து'. சித்ரா. ராகம் சிந்து பைரவி. படத்தின் பெயரே ராகத்தின் பெயர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அந்த ராகத்தின் குணம். சிந்து பைரவி வடக்கிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட தேசிய ராகம். இந்தச் சுரம் வரலாம், இது வரக் கூடாது என்ற கறார் அதில் குறைவு. அன்னிய சுரங்களுக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்திருக்கும். கச்சேரியில் ராகம் தானம் பல்லவி எல்லாம் முடிந்து, பாதிப் பேர் கிளம்பத் தயாராகும் நேரத்தில், துக்கடாவாக அதைப் பாடுவார்கள். பெரிய ராகங்களோடு சரிசமமாக நடுவில் உட்கார அதற்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

படத்தில் சிந்து யார்? கல்யாணத்துக்கு முன்னால் பிறந்து, பெற்றவளால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் போன பிள்ளை. முறை என்று ஊர் வைத்திருக்கும் கட்டத்துக்குள் அடங்காதவள். தன் பிறப்பைப் பற்றி அவள் பாடும்போது, எல்லாச் சுரத்தையும் சேர்த்துக்கொள்கிற, கச்சேரியின் ஓரத்தில் நிற்கிற ராகத்தை ராஜா அவளுக்குக் கொடுக்கிறார். கொடுத்து, படத்தின் நடு இடத்தில் அதை உட்கார வைக்கிறார். சித்ரா அழாமல் பாடுகிறார். சில சொற்களை மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தொடுகிறார், அவ்வளவுதான். அந்தத் தாமதத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இதனால்தான் படத்தின் முடிவு எனக்கு எப்போதும் வலிக்கிறது. சிந்து பெற்ற குழந்தையை ஜே.கே.பி.-பைரவி தம்பதியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். பாலசந்தரின் பெண்கள் துணிச்சலாகக் கேள்வி கேட்பார்கள். கேட்ட பிறகு, விட்டுக்கொடுப்பதும் அவர்களாகவே இருப்பார்கள். மேடையேறி வித்வானையே எதிர்த்துப் பாடியவளுக்குக் கதை கடைசியில் தியாகி வேஷம் கட்டிவிட்டது. இசை அவளுக்கு அப்படிச் செய்யவில்லை. சாரமதியில் அவள் ஜெயித்தாள், சிந்து பைரவியில் தன் கதையைத் தானே சொன்னாள். அந்த இரண்டு பாட்டிலும் அவள் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தப் படத்தில் சிந்துவுக்கு முழு நியாயம் செய்தவர் இசையமைப்பாளர்தான் என்று நான் நம்புகிறேன்.

அந்த வருடத்துக்கான தேசிய விருதுகளில் சுஹாசினிக்குச் சிறந்த நடிகை, சித்ராவுக்குச் சிறந்த பாடகி, ராஜாவுக்குச் சிறந்த இசையமைப்பாளர். ராஜாவுக்கு அது இரண்டாவது. முதலாவது தெலுங்கில் கே. விஸ்வநாத் எடுத்த 'சாகர சங்கமம்'. அதுவும் ஒரு கலைஞன் குடியில் கரையும் கதை. இரண்டையும் அடுத்தடுத்து உட்கார்ந்து கேட்டால், கலைஞனின் வீழ்ச்சியை ராஜா எவ்வளவு கனிவோடு பார்க்கிறார் என்பது புரியும். வைரமுத்துவோடு 'நிழல்க'ளில் 1980-இல் தொடங்கிய கூட்டணி, இந்தப் படத்துக்குப் பின் சீக்கிரமே முறிந்துபோனது. யார் மேல் தப்பு என்று பேச எனக்கு ஆசையில்லை. 'கலைவாணியே'யில் மெட்டும் சொல்லும் பிணைந்து கிடப்பதைக் கேட்கும்போது, இன்னும் எத்தனை பாட்டுகள் பிறந்திருக்கும் என்ற ஏக்கம் மட்டும் வரும்.

பாட்டு டீச்சருக்குக் கடைசிவரை 'மரி மரி'யில் சமாதானம் ஆகவில்லை. ஆனால் தன்னிடம் படித்த பெண்களுக்குக் கல்யாணி சொல்லிக்கொடுக்கும்போது 'கலைவாணியே' பாடிக் காட்டுவார். "ஆரோகணம்னா என்னன்னு இதைக் கேட்டுக்கோங்க" என்பார். அந்தப் பெண்களில் ஒருத்தி இப்போது எங்கள் ஊர்ப் பள்ளியில் பாட்டு டீச்சர்.

படம் வந்த அடுத்த வருடம், 1986-இல், ராஜா 'ஹவ் டு நேம் இட்?' என்ற தனி ஆல்பத்தைப் போட்டார். சினிமா இல்லை, பாடகர் இல்லை, கதை இல்லை. தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மானிய மேதைக்கும் சேர்த்துக் காணிக்கை. வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். அதற்கு ஒரு வருடம் முன்பு ஒரு கிராமத்துப் பெண்ணைத் தியாகராஜரிடம் கூட்டிக்கொண்டு போனவர், இப்போது தியாகராஜரையே பாக்கிடம் கூட்டிக்கொண்டு போகிறார். 'பாடறியேன்' கேட்டுவிட்டு அதே சூட்டில் அந்த ஆல்பத்தைப் போட்டுப் பாருங்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், அடுத்த பதிவில் எழுதுகிறேன்.